கயிறு கட்டியவன்

செத்துப் பிழைத்து வந்தவனைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் சும்மா வருவதில்லை. கையில் நாலு பழம் இருக்கும், வாயில் ஒரு கேள்வி இருக்கும். பழத்தை வாங்கி வைத்துவிடலாம், கேள்வியை என்ன செய்வது? மாட்டுத் தீவனத் தொழிற்சாலை மேஸ்திரியின் வீட்டுக்குப் பத்து நாளாகப் பழம் வந்துகொண்டே இருந்தது. வாழைப்பழம் கறுத்து, ஆப்பிள் சுருங்கி, அவர் மனைவி அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கொடுத்துப் பார்த்தும் தீரவில்லை. கேள்வியும் தீரவில்லை. உயிர் போகிற நேரத்தில் யார் முகம் தெரிந்தது, என்ன தோன்றியது, இனிமேல் வாழ்க்கையை எப்படி நடத்துவதாக உத்தேசம். வந்தவர்கள் அத்தனை பேரும் சுற்றி வளைத்தாவது இதைக் கேட்காமல் எழுந்து போகவில்லை.

முதல் இரண்டு நாள் அவரால் பேச முடியவில்லை. தொண்டை முழுக்கச் சோளத் தூசு. மூன்றாம் நாள் குரல் வந்தபோது ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. "ஒருத்தரை ஒருத்தர் விடக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது, வாயில் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கீழ்வீட்டு டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷன் ஒரு சட்டைக்கு அளவெடுக்கிற நேரத்தில் நாலு வீட்டுக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறவர். சாயங்காலத்துக்குள் அந்த வாக்கியம் தெருக்கோடி வரை போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் அதையே மேஸ்திரி வாயால் இன்னொரு தடவை கேட்டுப்போக வந்தவர்கள்தான். அவரும் சொன்னார். சொல்லச் சொல்ல வாய் பழகிவிட்டது.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்த இடத்தைச் சொல்லிவிட வேண்டும். சைலோ என்பது தகரத்தில் செய்த உருளை, நாலு மாடி உயரம் இருக்கும். அதற்குள் மக்காச்சோளத்தைக் கொட்டி வைத்திருப்பார்கள். அடியில் ஒரு இரும்புத் திருகு மோட்டாரில் சுற்றிச் சுற்றிச் சோளத்தை இழுத்து அரைவைக்குத் தள்ளும். மழை நாளில் ஈரம் ஏறினால் சோளம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காய்ச்சி வைத்த பால் மாதிரி மேலே ஆடை கட்டும். அடிச்சோளம் இறங்கிப் போய்விட, ஆடை மட்டும் அந்தரத்தில் நிற்கும். பார்த்தால் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். நம்பிக் காலை வைத்தால் போச்சு.

அந்த ஆடையை உடைக்கிறதுதான் மேஸ்திரிக்கும் அவர் மைத்துனனுக்கும் வேலை. மைத்துனனை அங்கே ஊசி என்று கூப்பிடுவார்கள். அவ்வளவு ஒல்லி. சைலோ உச்சியில் இருக்கிற திறப்பில் மற்றவர்கள் தோளை மடக்கி, வயிற்றை எக்கி, திட்டிக்கொண்டே இறங்குவார்கள், அவன் வழுக்கிக்கொண்டு போய்விடுவான். இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. கீழே மோட்டாரை நிறுத்திப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். செருப்பைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சோளம் உள்ளே புகுந்து காலைப் புண்ணாக்கிவிடும். ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்சுவர் ஏணியில் இறங்க வேண்டும், இன்னொருவன் மேலே திறப்பில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். கயிறு கட்டியவன் உள்ளே போகிறவன், கட்டாதவன் காவல் இருக்கிறவன். பதினாறு வருஷமாக ஊசிதான் உள்ளே, மேஸ்திரிதான் மேலே.

ஆனால் மோட்டாரை ஒரு தரம் நிறுத்தினால் மறுபடி ஓட்டிச் சீராக்க அரை மணி நேரம் பிடிக்கும். அதை ஓடவிட்டபடியே உடைத்தால், அடியில் சோளம் இழுபட இழுபட ஆடை தளர்ந்துகொண்டே வரும், நாலு குத்தில் உடைந்துவிடும். புது ஆளுக்கு இது தெரியாது. பழைய கைகள் கண்டுபிடித்த குறுக்குவழி. முதலில் அவசரத்துக்கு என்று ஆரம்பித்தார்கள், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே என்கிற தைரியம் வேறு.

அன்றைக்குக் கத்தல் கேட்டு ஆட்கள் மோட்டாரை நிறுத்திவிட்டு மேலே ஏறி ஓடி, திறப்பு வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஊசி சோளத்துக்குள் புதைந்து நெற்றியும் தலைமயிரும் மட்டும் தெரிந்தன. அவன் இடுப்பில் கட்டிய கயிறு மேஸ்திரியின் இடது கையில் நாலு சுற்றுச் சுற்றிச் சதையை அறுத்து இறங்கியிருந்தது. மேஸ்திரி வலது கையால் ஏணியைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தொங்கிக்கொண்டிருந்தார். கயிறு யார் இடுப்பில்? ஊசி இடுப்பில். அப்படியானால் உள்ளே போனவன் ஊசி, விழுந்தவன் ஊசி. மேலே இருந்த மேஸ்திரி உயிரைத் துச்சமாக நினைத்து இறங்கி வந்து பிடித்திருக்கிறார், கை அறுந்தும் விடவில்லை. அந்த வேலை தெரிந்த யாராக இருந்தாலும் இப்படித்தான் முடிவு கட்டுவார்கள். வேலை தெரியாதவன் ஒருவன் அங்கே இருந்திருந்தால், என்னய்யா நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். இவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை, பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

நடந்தது வேறு. ஊசிக்கு அன்று ஜுரம் விட்ட மறுநாள், முகம் வெளுத்திருந்தது. நீ மேலேயே உட்காரு, நான் ரெண்டு குத்து குத்திவிட்டு வந்துவிடுகிறேன் என்று மேஸ்திரி இறங்கினார். ரெண்டு குத்துக்கு எதற்குக் கயிறு என்று கட்டிக்கொள்ளவில்லை. மோட்டாரை ஓடவிடச் சொன்னதும் அவர்தான். ஏணியில் நின்று கடப்பாரையால் குத்திப் பார்த்தார், ஆடை அசையவில்லை. ஒரு காலை எடுத்து அதன்மேல் ஊன்றி ஓங்கிக் குத்தினார். உடைந்தது. முழங்கால், தொடை, இடுப்பு என்று அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. ஏணி எட்டுகிற தூரத்தில் இல்லை.

ஊசி அவ்வளவு பதற்றத்திலும் கயிற்றைத் திறப்புக் கம்பியில் முடிந்து, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் இறங்கினான். அவருக்கும் ஏணிக்கும் நடுவே சோளத்தில் குதித்து, அவர் அக்குளில் தோளைக் கொடுத்து ஏணிப்பக்கம் தள்ளினான். தள்ளத் தள்ள அவன் இறங்கினான், அவர் ஏறினார். அப்போதும் ஒரு சாண் குறைந்தது. காலுக்கடியில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. மேஸ்திரி அதன்மேல் ஏறி நின்றார். ஏணி எட்டிவிட்டது.

வெறுங்கால். என்னவென்று தெரியாமல் மிதித்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. வலது காலுக்கடியில் தோளெலும்பு, அதன்மேல் சட்டையின் தோள்பட்டைப் பொத்தான். இடது காலுக்கடியில் காது. உந்தி எழும்பியபோது சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சின்ன முறிவு உள்ளங்காலில் தெரிந்தது. பிறகு ஆஸ்பத்திரியில், தோளெலும்பு ஏணியில் அடிபட்டு முறிந்திருக்கும் என்றார்கள். மேஸ்திரி கேட்டுக்கொண்டு நின்றார்.

அவர் பொய் என்று ஒன்றும் சொல்லவில்லை, பாருங்கள். குரல் வருவதற்குள் கதை கட்டி முடிந்து, தெருவைச் சுற்றி வந்து, அவர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. இல்லை என்று சொல்லாதது மட்டும்தான் அவர் செய்தது. குரல் வந்த அன்றே சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். மறுநாள் அது கொஞ்சம் பெரியதாகிவிட்டது. பத்தாம் நாளுக்குள் அதை வாயிலிருந்து எடுக்கவே முடியாது என்று ஆகிவிட்டது.

ஆனால் காலுக்கு இந்தச் சாமர்த்தியமெல்லாம் தெரியவில்லை. வீட்டுக்குள் அவர் ஷூ போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். வெறுங்காலை எங்கே வைத்தாலும் அந்தத் தோள் இருந்தது. குளியலறை மிதியடியில் இருந்தது, மெத்தை ஓரத்தில் இருந்தது, மாடிப்படியில் மூன்றாவது படியிலும் ஏழாவது படியிலும் இருந்தது. மற்ற படிகளில் ஏன் இல்லை என்று அவருக்குப் புரியவில்லை. பட்டப்பகலில், ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். காலுக்கடியில் ஏதோ மெல்ல இறங்குகிற மாதிரி இருக்கும். அப்படியே மறுபடி உட்கார்ந்துவிடுவார். கைக்கட்டுக்குள் வலிக்கிறதா என்று மனைவி ஓடி வருவாள். ஆமாம் என்பார்.

ஒரு நாள் அவள் அரிசி டின்னுக்குள் கையை விட்டு அளந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டு மறைந்து, முழங்கை வரை உள்ளே போனது. மேஸ்திரி பேயறைந்தவர் மாதிரி வந்து அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அரிசி தரை முழுக்கச் சிதறியது. அவளுக்குக் கோபம் வரவில்லை. பாவம், இன்னும் அந்தப் பயம் தெளியவில்லை என்று அவர் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு அரிசியை அள்ளினாள்.

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊசிக்கு ஆறு வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டாள். பதினாறு வயது அக்காதான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வளர்த்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இடுப்பு எதற்கு என்று ஆட்கள் கேலி பண்ணியும் அவள் இறக்கிவிடவில்லை. தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று சொல்லித்தான் மேஸ்திரிக்குக் கழுத்தை நீட்டினாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. முப்பத்திரண்டு வயதாகியும் ஊசிக்கு இந்த வீட்டுப் பின்னறைதான் வீடு, அக்கா போடுகிற சோறுதான் சோறு. அவனுக்குப் பெண் பார்க்கிறேன் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், வருகிற பெண்ணையெல்லாம் ஏதாவது சொல்லி அவளே தட்டியும் கழித்துவிடுகிறாள்.

அப்படிப்பட்டவள் அந்தப் பத்து நாளில் புருஷனைத் தாங்கு தாங்கு என்று தாங்கினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர்களுக்குள் சண்டை இல்லாத வாரம் கிடையாது. இப்போது அவர் தும்மினால் துண்டோடு நின்றாள். சாயங்காலம் ஆனால் சூடான எண்ணெயைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அவர் ஷூவைக் கழற்றி, காலை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்வாள். கால் நடுங்குகிறது என்று டாக்டரிடம் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டாள்.

"இந்தக் கால் மட்டும் எறங்கி வரலைன்னா இன்னிக்கு எனக்குத் தம்பி இல்ல" என்று உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

மேஸ்திரி காலை இழுத்துக்கொண்டார். கூசுது என்றார். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் தேய்த்த இடம் சரியாக அந்தப் பொத்தான் அழுந்திய இடம். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவளும் அழுதாள். இரண்டு பேரும் வெவ்வேறு விஷயத்துக்கு அழுதுகொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனார். ஊசிக்குத் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள், பேச முடியாது. வலது தோளிலிருந்து விரல் வரை கட்டு, எழுதவும் முடியாது. கண் மட்டும் திறந்திருந்தது. அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விழுந்ததையும் மாமா இறங்கி வந்து கை அறுபட அறுபடப் பிடித்துக்கொண்டதையும் விஸ்தாரமாகச் சொன்னாள். ஊசி மெதுவாகத் தலையை ஆட்டினான். பிறகு கண்ணைத் திருப்பி, கதவோரம் நின்ற மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி கை வலிக்கிறது என்று சொல்லி வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

அந்தத் தலையாட்டலை அவர் திரும்பத் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்தார். ஆமாம் என்று ஆட்டினானா? சரி சரி, அப்படியே இருக்கட்டும் என்று ஆட்டினானா? குழாயை எடுக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று ஆட்டினானா? மூன்றுக்கும் அந்த ஆட்டல் பொருந்தியது.

இதற்கு நடுவே மேனேஜர் வீட்டுக்கு வந்தார். பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட வராதவர். டெய்லர் தன் கடையிலிருந்து நல்ல நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். திங்கட்கிழமை தொழிற்சாலை முற்றத்தில் எல்லாத் தொழிலாளிகளையும் கூட்டிப் பாதுகாப்புக் கூட்டம் போடப் போவதாகவும், மேஸ்திரிக்குக் கேடயம் கொடுக்கப் போவதாகவும், அவர் வாயால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும் என்றும் மேனேஜர் சொன்னார். எழுந்து போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். ஊசி கவனக்குறைவாக இருந்ததாகத்தான் அறிக்கை போகிறதாம். மோட்டாரை நிறுத்தாமல் இறங்கினவன் ஆயிற்றே. அதனால் குணமாகி வந்த பிறகு அவனைச் சைலோப் பக்கம் விடப்போவதில்லை, சாக்கு தைக்கிற இடத்தில் போட்டுவிடலாம் என்று இருக்கிறார்கள். வேலையை விட்டே அனுப்பாமல் இருப்பது மேஸ்திரி முகத்துக்காகத்தான்.

மேஸ்திரி நன்றி என்றார். சொன்ன பிறகு அந்த வார்த்தையை அள்ளி வாயில் திரும்பப் போட்டுக்கொள்ள முடியுமா என்று இருந்தது. மேனேஜர் கார் ஏறிப் போய்விட்டார். டெய்லர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறபோது, திங்கட்கிழமைக்கு வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துத் தருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை ஊசி வீட்டுக்கு வந்தான். பாதியாகியிருந்தான், அவனிடம் பாதியாக என்ன இருந்தது என்று கேட்கக்கூடாது. ஆட்டோவிலிருந்து அக்கா அவனைத் தாங்கி இறக்கினாள். மேஸ்திரி ஓடிப்போய் இன்னொரு பக்கம் பிடிக்க வேண்டியவர், பையையும் பிளாஸ்கையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். பின்னறைக் கட்டிலில் தலையணைகளை அடுக்கி அவனைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். குழாய் எடுத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பேச்சு வந்தது, ஆனால் பழைய காகிதத்தைக் கசக்குகிற மாதிரி ஒரு குரல். பத்து வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினான். அதிகம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அக்கா மிரட்டிவிட்டு, அவனுக்குக் குழைய வடித்த சோறும் வேகவைத்த முட்டையும் எடுக்க அடுப்படிக்குப் போனாள். வெளியே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

மேஸ்திரி ஜன்னல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார். என்ன வேண்டுமானாலும் வரட்டும் என்று உட்கார்ந்தார்.

"அக்கா சொல்லிச்சு மாமா" என்றான் ஊசி. "நான் விழுந்துட்டேன்னு. நீங்க எறங்கி வந்தீங்கன்னு."

மேஸ்திரி கைக்கட்டின் நுனியைத் திருகினார்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. காலையில டீ குடிச்சது இருக்கு. உங்க பின்னால மேல ஏறினது இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரிதான். நடுவுல இருக்கிறது இனிமே வராதுன்னுட்டாரு டாக்டர்."

மேஸ்திரிக்கு உயிர் வந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று எழுந்து நின்ற மாதிரி இருந்தது. இனி யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் ஒருவன் இருந்தான், அவனுக்கும் மறந்துவிட்டது. எழுந்து போய் அவன் போர்வையைச் சரிசெய்துவிட்டார். வேலையைப் பற்றி இப்போது நினைக்காதே, உடம்பைத் தேற்று மாப்ள என்றார். குரல் இயல்பாகவே வந்தது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு" என்றான் ஊசி.

"என்ன?"

"இந்தத் தோள்ல ஒரு கனம்." கண்ணால் வலது தோளைக் காட்டினான். "ஒரே இருட்டு. மூச்சே இல்ல. கீழ கீழ போய்க்கிட்டே இருக்கேன். ஆனா தோள்ல யாரோ கெட்டியா புடிச்சிருக்காங்க. மாமாதான், விடமாட்டாருன்னு நெனச்சேன். அதனால பயமே இல்ல மாமா. சாகப்போறோம்னு நல்லா தெரியுது, ஆனா பயம் இல்ல." மூச்சு வாங்கினான். "ஆஸ்பத்திரியில அந்தக் குழாயைப் போட்டுக்கிட்டுக் கிடந்தப்பகூட, கண்ணை மூடி அந்தக் கனத்தை நெனச்சுக்குவேன். ஒடனே தூக்கம் வந்துடும். அது உங்க கைதானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். பத்து நாளாகத் தெரு முழுக்கச் சுற்றிய பொய்யோடு இதுவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். மேஸ்திரி வாயைத் திறந்ததே அதைச் சொல்லத்தான். ஆனால் கட்டிலில் கிடந்தவன் முகத்தில் இருந்த அந்த நன்றியைப் பார்த்ததும் ஷூவுக்குள் கால் எரிந்தது.

"கை இல்லடா" என்றார்.

ஊசி பார்த்தான்.

"கால். என் காலு அது."

அவன் புரியாமல் சிரித்தான். மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஜுரக்காரனை மேலே இருக்கச் சொன்னது, கயிறு கட்டாமல் இறங்கினது, ஒரு காலை ஆடைமேல் வைத்தது. அவன் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி வந்தது, தோள் கொடுத்தது, ஒரு சாண் குறைந்தது. நிறுத்தாமல், தலையைத் தூக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மழைச் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் யாரோ எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி இருந்தது.

"ரெண்டு காலுமா?" என்று கேட்டான் ஊசி.

"ரெண்டும்."

"அப்ப கயிறு? கை அறுந்தும் விடலைன்னு சொன்னாங்களே."

"அது தானா சுத்திக்கிச்சு." அடுத்ததை அவர் அதுவரை தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. "கையை உருவிக்கத்தான் பாத்தேன் மாப்ள. வரல. வந்திருந்தா மேல ஏறிப் போயிருப்பேன்."

ஊசி ஜன்னல் பக்கம் பார்த்தான். அவன் அழுவான், திட்டுவான், பிளாஸ்கைத் தூக்கி எறிவான் என்று மேஸ்திரி காத்திருந்தார். அவன் கேட்டது வேறு.

"அப்ப நான் விழல."

"நீ விழலடா. நீ எறங்கி வந்தே."

"கயிறு கட்டிக்கிட்டு."

"கட்டிக்கிட்டுத்தான். அந்த அவசரத்துலயும் முடிச்சுப் போட்டுட்டுத்தான் வந்தே."

"மோட்டாரு?"

"ஓடட்டும்னு சொன்னது நான்."

"பதினாறு வருஷம் மாமா" என்றான் ஊசி. குரல் உடைந்துவிட்டது. "ஒரு நாளாச்சும் கயிறு இல்லாம எறங்கியிருக்கேனா? ஆஸ்பத்திரிக்கு வந்தவன்லாம், இனிமேலாச்சும் கவனமா இருடான்னு சொல்லிட்டுப் போனான். நானும் தலைய தலைய ஆட்டினேன். நாமதான் ஏதோ தப்புப் பண்ணிட்டோம், மாமாவையும் சாகடிக்கப் பாத்தோம்னு எவ்வளவு அழுதேன் தெரியுமா? ஒரு கையில கட்டு, இன்னொரு கையில ட்ரிப்ஸ், கண்ணைத் தொடைக்கக் கை கூட இல்ல."

"திங்கக்கிழமை எல்லாரு முன்னாலயும் சொல்லிடறேன்."

"சொல்லணும்" என்றான் ஊசி. "நான் எப்படிக் கயிறு கட்டினேன்னு சொல்லணும்."

"சொல்றேன்."

மேஸ்திரி எழுந்து நின்றார். சொல்லிவிட்டால் கால் லேசாகிவிடும் என்று எங்கேயோ ஒரு நினைப்பு இருந்திருக்கிறது போல. ஆகவில்லை. தோள் அங்கேயேதான் இருந்தது. கதவை நோக்கி ஒரு அடி வைத்தார்.

"எங்க போறீங்க?"

"வெளியில உக்காந்திருக்கேன். நீ படு."

"போகாதீங்க." ஊசியின் நல்ல கை போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்தது. "பயமா இருக்கு மாமா. இத்தனை நாளா இல்ல. இப்ப அந்தக் கனத்தை நெனச்சாலே கீழ போற மாதிரி இருக்கு. தனியா விட்டுட்டுப் போகாதீங்க."

மேஸ்திரி திரும்பியபோதுதான் வாசலில் அவளைப் பார்த்தார். கையில் தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று கேட்க வேண்டியதில்லை, தட்டில் சோற்றின் ஆவி அடங்கிப்போயிருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து, முட்டையைப் பிசைந்து தம்பிக்கு ஊட்ட ஆரம்பித்தாள். அவன் இரண்டு வாய் வாங்கினான். மூன்றாவது வாய்க்கு முன்னால், மாமாவுக்கு என்று கேட்டான்.

"அவருக்குக் கை இருக்கு, காலு இருக்கு" என்றாள். "அவரே போட்டுக்குவாரு."

மேஸ்திரி ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்தார். அவள் நிதானமாகக் கடைசிப் பருக்கை வரை ஊட்டினாள். தம்பி வாயைத் துடைத்துவிட்டாள், முறிந்த தோளுக்கு அடியில் தலையணையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள், காலித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுப்படியில் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது, நிறுத்துகிற சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

ஊசி கண்ணை மூடினான். சற்று நேரத்தில் திறந்து, ஸ்டூலில் மாமா இருக்கிறாரா என்று பார்த்தான். இருந்தார். மூடினான். மறுபடி திறந்து பார்த்தான்.